முடிச்சு இல்லாத கட்டு

அத்தியாயம் 9

எழில்மொழிக்கு இட்லி இறங்கவில்லை.

தஞ்சாவூர் தெற்கு வீதி மெஸ்ஸில் அவளுக்கு எதிரே கிளாட்சன் நாலாவது இட்லியைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தான். தரங்கம்பாடிக்காரன். துப்பறிவதில் அவளுக்கு உதவியாள்; வாயடிப்பதில் யாருடைய உதவியும் தேவைப்படாதவன்.

“என்னக்கா, நேத்து கேஸ முடிச்சாச்சு. முடிச்ச மறுநாள் நீங்க ரெண்டு வடை சேத்துல்ல சாப்புடுவீங்க?”

“முடிச்சமான்னுதான் யோசிக்கிறேன்.”

“கைதட்டுனாங்களேக்கா.”

“அதாண்டா உறுத்துது.”

கைதட்டியது உண்மைதான். கீழவாசலில் இருக்கும் செங்கழுநீர் சுவடி நூலகத்தில், நேற்று மத்தியானம், மொத்த ஊழியர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு எழில்மொழி பேசியிருந்தாள். காணாமல் போனது ‘குடமுருட்டிப் பள்ளு’ என்கிற ஓலைச்சுவடி. உழுகிறவர்களையும் நடுகிறவர்களையும் வைத்துப் பாடிய பழைய பாட்டு; உலகத்தில் அந்த ஒரு பிரதிதான். சுவடிகளைப் படமெடுத்து வைக்கும் வேலை அந்த அலமாரிக்கு இன்னும் வந்து சேரவில்லை. வெளியூர் அறிஞர் ஒருவர் பார்க்கக் கேட்டார் என்று கட்டை எடுத்து, அவிழ்க்காமலே ஓலை நுனியை விரித்துப் பார்த்தால், மேலும் கீழும் மரச்சட்டம் சரியாக இருக்கிறது, நடுவில் எழுத்தே இல்லாத வெற்று ஓலைகள்.

நூலகச் செயலாளர் பஞ்சநதம் அலறியடித்துக்கொண்டு எழில்மொழியை அழைத்தார். அவளும் வந்து, மோந்து பார்த்து, அரை நாளில் ஆளைக் காட்டிவிட்டாள். வெற்று ஓலைகள் இருப்பது ஏடுகளைச் செப்பனிடும் அறையில் மட்டும். அந்த அறைச் சாவி இருப்பது குழந்தைராஜ் இடுப்பில். ஓலைகளில் எலுமிச்சைப்புல் எண்ணெயின் ஈரம் இன்னும் காயவில்லை. ஏடுகளுக்கு எண்ணெய் பூசுவதும் குழந்தைராஜ்தான். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக, ரசித்து ரசித்துச் சொன்னாள். குழந்தைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்த தலைக்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும்தான்.

செயலாளர் அங்கேயே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். இன்று மாலை ஐந்து மணிக்கு அறங்காவலர் கூட்டம். கூட்டம் முடிந்த கையோடு போலீசில் புகார். மனுஷன் ராத்திரி லாக்கப்பில்.

“வெளிய போறதுக்கு முன்னாடி அவரு என்ன பண்ணாரு, பாத்தியா?” என்றாள் எழில்மொழி. “சாவிய வச்சாரு. பாதியில விட்ட ஏடுங்க மேல தூசி விழக்கூடாதுன்னு துணிய மூடுனாரு. மேஜையத் துடைச்சாரு. அப்புறந்தான் செருப்பப் போட்டாரு. திருட்டுப் பட்டம் கட்டி அனுப்புன எடத்துல எவன்டா மேஜையத் துடைப்பான்?”

“சுத்தபத்தமான திருடனா இருக்கும்க்கா.”

“எந்திரி. வண்டிய எடு.”

“இன்னும் ஒரு இட்லி இருக்கு.”

“அத ஆதாரமா பத்திரப்படுத்திக்க.”

*

செயலாளர் பஞ்சநதம் வாசலுக்கே வந்து வரவேற்றார். நெற்றி நிறைய விபூதி, மயில்கண் கரை வேட்டி. அந்தச் சுவடியை நூலகத்துக்குக் கொடுத்ததே அவர் குடும்பம்தான். ‘எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் வைத்தியநாதக் கவிராயர் பாடினது’ என்று சொல்லாத நாளில்லை. ஐப்பசியில் அதைப் புத்தகமாக வெளியிட மண்டபமே பிடித்து வைத்திருந்தார்.

“வாங்கம்மா வாங்க. ஆளைப் பிடிச்சுக் கொடுத்துட்டீங்க. பொருளை எங்க வச்சிருக்கான்னு போலீஸ்காரங்க ரெண்டு தட்டுத் தட்டினா கக்கிடப் போறான்.”

ஐம்பத்தைந்து வயது மனுஷனைத் தட்டப்போகிறார்களாம், அதுவும் எழில்மொழி சொன்ன சொல்லை வைத்து.

“அந்தப் போலிக் கட்டை இன்னொரு தடவை பாக்கணும் சார்.”

“அதுல இன்னும் என்னம்மா இருக்கு?”

“அறிக்கை எழுதணும்ல சார்,” என்றான் கிளாட்சன். “எங்கக்கா எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். பக்கத்துல வச்சுப் பாத்து எழுதினாத்தான் கொஞ்சம் தேறும்.”

செப்பனிடும் அறையில் குழந்தைராஜ் மூடி வைத்த துணி அப்படியே கிடந்தது. போலிக் கட்டை நேற்று அவிழ்த்துப் பார்த்துவிட்டு, சாட்சிக்கு வேண்டுமென்று, இருந்தபடியே மறுபடியும் கட்டி வைத்தவள் எழில்மொழிதான். கிளாட்சன் அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான்.

“இத எப்புடிக்கா அவுக்குறது? முடிச்சையே காணும்.”

“முடிச்சு எதுக்கு? கயிறச் சுத்தி, ரெண்டு நுனியையும் சேத்து ஒரு முறுக்கு முறுக்கி, உள்ள சொருகிடணும். இழுத்தா வந்துடும்.”

“எங்க ஊர்ல இப்புடிக் கட்டுனா வலை, மீன், ஆளு மூணும் கடலுக்குள்ள போயிடும். இது என்ன கட்டு?”

“எல்லாரும் இப்படித்தானடா கட்டுவாங்க.”

“எல்லாரும்னா யாருக்கா?”

எழில்மொழி அவன் கையிலிருந்து போலிக் கட்டை வாங்கினாள்.

அலமாரிப் பக்கம் போய் நாலைந்து கட்டுகளை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் குழந்தைராஜ் கட்டியவை. ஒவ்வொன்றிலும் கயிறு சட்டத்தின் துளை வழியாக ஏடுகளுக்குள் நுழைந்து, வெளியே வந்து சுற்றி, அழகான ஒரு சுருக்கில் முடிந்திருந்தது. கையிலிருந்த போலியில் கயிறு துளைக்குள் போகவே இல்லை. வெற்று ஓலைகளில் துளையே போடவில்லை.

“கிளாட்சன், நான் மடச்சிடா.”

“அறிக்கையில எழுதிக்கவா?”

“இது நாத்துக்கட்டு. நாத்தாங்கால்ல நாத்தப் பறிச்சு, ஒரு பிடி சேந்ததும், வைக்கோல் பிரிய சுத்தி ஒரு முறுக்கு, ஒரு சொருகல். நடவுக்காரங்க கையில எடுத்ததும் ஒரே இழுப்புல அவுரணும், அதனால முடிச்சுப் போட மாட்டாங்க. நன்னிலத்துல எங்கம்மா இதைத்தான் நாளெல்லாம் கட்டுச்சு. நானும் லீவு நாளெல்லாம் கட்டியிருக்கேன். இன்னைக்கும் வீட்டுல அரிசிப் பையக்கூட இப்படித்தான் கட்டுறேன். நேத்து இதப் பாத்தப்ப எனக்கு வித்தியாசமாவே தெரியல. அவுத்துட்டு, அதே மாதிரி என் கையே திரும்பக் கட்டியிருக்கு பாரு.”

“குழந்தைராஜ் அண்ணனுக்கு இது வராதா?”

“பூக்காரத் தெருவுல தச்சு வேலை செய்யுற குடும்பம். வயக்காட்டச் சன்னல் வழியா பஸ்ஸுலேர்ந்துதான் பாத்திருப்பாரு. அதுவும் போக, அவரா இருந்தா துளை போடாம விட்டிருப்பாரா? போலி செஞ்சாலும் ஒழுங்கா செஞ்சிருப்பாரு.”

“அப்ப சேத்துல எறங்குன கை. இந்தக் கட்டடத்துக்குள்ள சேத்துல எறங்குனவங்க யாரு? செயலாளர் சார்?”

“அவரு வரப்புல குடை பிடிச்சு நின்ன வம்சம்.”

“அப்புறம் யாருதான்க்கா?”

எழில்மொழி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரென்று தெரிந்துவிட்டது. ஏன் தெரிந்தது என்று இருந்தது.

பள்ளு சுவடியைப் பதிப்பிக்கும் வேலையில் இருந்தவள் அறிவுமதி. முனைவர் அறிவுமதி. பூதலூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் இன்றைக்கும் வயலில். அந்தக் குடும்பத்திலேயே, ஏன், அந்தத் தெருவிலேயே இப்படியொரு நாற்காலியில் வந்து உட்கார்ந்த முதல் ஆள். தற்காலிக வேலைதான்; நிரந்தர ஆணை இந்த மாதம் வருமென்று நூலகமே பேசிக்கொண்டது. நேற்று எழில்மொழி பேசப் பேச, தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்; கைதட்டாத ஒரே ஆள் அவள்தான். மத்தியானத்திலிருந்து லீவு.

இவளைக் காட்டிக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று எழில்மொழிக்கு நன்றாகத் தெரியும். ‘நாற்காலியில உக்கார வச்சாலும் அதுங்க புத்தி போகுமா’ என்பார்கள். எழில்மொழியையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். காட்டிக் கொடுக்காவிட்டால் ஒன்றும் அறியாத மனுஷன் உள்ளே போவார். இந்தப் பக்கமும் பாவம், அந்தப் பக்கமும் பாவம்.

“பூதலூருக்கு விடு,” என்றாள்.

*

புரட்டாசி மாதம். சம்பா நடவு மும்முரம். வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. வழியெல்லாம் நாற்றுக்கட்டுகளை வயலுக்குள் வீசிக்கொண்டிருந்தார்கள், முடிச்சில்லாத கட்டுகள். கிளாட்சன் பார்த்துவிட்டு, “அக்கா, சாட்சிங்க வரிசையா நிக்கிறாங்க,” என்றான். எழில்மொழி சிரிக்கவில்லை.

அறிவுமதியின் வீடு வாய்க்கால் ஓரத்தில், பாதி பூசிய தொகுப்பு வீடு. வாசலில் நின்றிருந்தவள் வண்டியைப் பார்த்ததும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. முகம் ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

“வாங்க. நீங்க வரணும்னுதான் இருந்துச்சு,” என்றாள்.

உள்ளே விதைநெல் தகர டிரம் இருந்தது. மூடியைத் திறந்து, நெல்லுக்கு மேல் பூச்சி அண்டாமல் பரப்பியிருந்த நொச்சி இலைகளை விலக்கி, மஞ்சள் துணியில் சுற்றிய கட்டை வெளியே எடுத்தாள். துணியை விரித்தபோது எழில்மொழி மூச்சை விட்டாள். குடமுருட்டிப் பள்ளு, முழுசாக.

“ஏம்மா இப்படிச் செஞ்ச?”

“திருடணும்னு செய்யலக்கா.” அக்கா என்று அவள் அழைத்தது எழில்மொழிக்குச் சுருக்கென்றது. “போன வாரம் குழந்தைராஜ் அண்ணன் ஓடி வந்தாரு. கடைசி ஏட்ட எண்ணெய் பூசப் பிரிச்சிருக்காரு. ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சாம். மூங்கில் சிம்ப விட்டு நெம்புனதும் டப்புன்னு ஒரு சத்தம். எடுத்தா பாதி ஏடுதான் கையோட வருது. மிச்சப் பாதியக் காணும். மேஜைக்கடியில, பஞ்சுக் குப்பையில, எல்லா இடத்துலயும் தேடுனாரு. நானும் தேடுனேன். பெருக்குனதோட போயிடுச்சுன்னு நெனச்சோம். ‘இருக்குறதே ஒரு பிரதி, அதப்போய் உடைச்சுப்புட்டனே’ன்னு மனுஷன் அழுவுறாரு. செயலாளருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு.”

“அதனால நீ எடுத்து மறைச்ச.”

“நான் பாத்துக்குறேண்ணே, சரி பண்ணி வச்சிடலாம்னு சொல்லி எடுத்துட்டு வந்தேன். சென்னையில ஏடு ஒட்டுற ஒருத்தங்கள எனக்குத் தெரியும். போன பாதிக்கு வெறும் ஓலைய வச்சு ஒட்டி, ‘முன்பே சிதைந்தது’ன்னு குறிப்பு எழுதிடலாம்னு நெனச்சேன். அதுவரைக்கும் சட்டத்துக்கு நடுவுல ஏதாவது இருக்கணுமேன்னு, அவரு எண்ணெய் பூசிக் காய வச்சிருந்த வெத்து ஓலைய வச்சுக் கட்டுனேன். அவசரத்துல கை தனக்குத் தெரிஞ்சதத்தான செய்யும்.”

“கட்டுனதச் சொல்லல நான். நேத்து அவர நிக்க வச்சு நான் பேசுனப்ப நீ வாயத் தெறக்கலையே, அதக் கேக்குறேன்.”

அறிவுமதி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“நிரந்தர ஆணையில கையெழுத்து ஆவப்போவுதுக்கா. பேசுனா அது போச்சு. நாளைக்குப் பேசிக்கலாம், நாளைக்குப் பேசிக்கலாம்னு நின்னேன். அவரு என்னையப் பாக்கவே இல்ல. பாத்திருந்தாலாவது பேசியிருப்பனோ என்னமோ. தல குனிஞ்சே போனாரு. நான் அவருக்கு உதவி செஞ்சதா நெனச்சேன், கடைசியில கழுத்த அறுத்துட்டேன்.”

எழில்மொழிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நேற்று அந்தக் கழுத்தைப் பிடித்துக் கொடுத்தது அவள்தானே? அவள் கட்டின் அடியிலிருந்து அந்தப் பாதி ஏட்டை உருவினாள். வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். திருப்பினாள். பிறகு கிளாட்சனைக் கூப்பிட்டாள்.

“வாசல்ல காஞ்ச தென்னங்கீத்து கிடக்குது பாரு, ஒரு ஓலைய எடு. ரெண்டாக் கிழி.”

கிழித்தான். நீளவாட்டில் கிழிந்தது.

“இப்ப குறுக்கே உடை.”

கிளாட்சன் வளைத்தான், முறுக்கினான், பல்லைக் கடித்தான். கடைசியில் நார்நாராகப் பிய்ந்து, எலி கடித்தது போல் இரண்டு துண்டானது. “சாரிக்கா, என் கை ராசி,” என்றான்.

“யாரு கையா இருந்தாலும் இப்படித்தான் வரும். இப்ப இந்த ஏட்டப் பாரு அறிவுமதி.”

பாதி ஏட்டின் விளிம்பு நேராக இருந்தது. அளவுகோல் வைத்து வெட்டியது போல, ஒரு நார்கூட நீட்டிக்கொண்டிருக்காமல்.

அறிவுமதி ஏட்டை வாங்கினாள். மாதக்கணக்காகச் சுவடி எழுத்துகளைப் பார்த்துப் பழகியவள், முதல் தடவையாக ஓலையைப் பார்த்தாள். கீற்று முடையாதவளா அவள்?

“கத்தி,” என்றாள் மெதுவாக.

“கத்திதான். இன்னொண்ணு, வெட்டு வாயில தூசி படிஞ்சு கெட்டியாயிருக்கு. போன வாரத்து வெட்டு இல்ல இது. அண்ணன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி ஏடாத்தான் இருந்திருக்கு. அடியில ஒட்டிக்கிட்டுக் கிடந்ததால யாருக்கும் தெரியல. டப்புன்னு கேட்டது ஒட்டு விட்ட சத்தம்.”

“அப்ப அண்ணன் உடைக்கவே இல்லியாக்கா?”

“இல்ல.”

அறிவுமதி முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “உடைச்சிட்டேன்னு நம்பித்தான் அவரு தலையக் குனிஞ்சாரு,” என்றாள், பொத்திய கைக்குள்ளிருந்து.

எழில்மொழி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “இதுல என்ன எழுதியிருக்கு, படி.”

“‘இந்தப் பள்ளைப் பாடியவன்’னு இருக்கு. அதோட வெட்டு. பேரு அந்தப் பாதியில இருந்திருக்கும்.”

“உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி இந்தக் கட்டு யாருகிட்ட இருந்துச்சு?”

அறிவுமதி கையை எடுத்தாள். “ஆடி மாசம் செயலாளர் சார் ரூம்ல இருந்துச்சு. புத்தக அட்டையில போட பாட்டனார் பேரு ஏட்டுல எப்படி எழுதியிருக்குன்னு பாக்கணும்னு வாங்கிட்டுப் போனாரு. அப்புறம் கேட்டப்ப, ‘தேடினேன், தெளிவா இல்லம்மா’ன்னாரு. கடைசி ஏடு ஒட்டிக்கிடந்ததால, அண்ணன் எண்ணெய் பூசிப் பிரிச்சுத் தரட்டும்னு நானும் தொடாம விட்டிருந்தேன்.”

கிளாட்சன் விசிலடிக்க உதட்டைக் குவித்து, வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். “அக்கா, இதுவரைக்கும் நம்ம கட்சிக்காரரையே பிடிச்சுக் கொடுத்ததில்ல நாம.”

“நீ வர்றியா அறிவுமதி?” என்றாள் எழில்மொழி. “வரலேன்னா இழுத்துட்டுப் போக மாட்டேன். ஆனா நீ எடுத்தத நான் மறைக்கவும் மாட்டேன்.”

அறிவுமதி எழுந்து, நொச்சி இலை ஒட்டியிருந்த துணியை உதறினாள். “செருப்ப மாட்டிக்கிட்டு வர்றேங்க்கா,” என்றாள்.

*

ஐந்து மணிக்கு அறங்காவலர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைமையில் யூனுஸ், ஓய்வுபெற்ற நீதிபதி, அதிகம் பேசாதவர். புகார் மனு தயாராக, செயலாளர் கையில்.

எழில்மொழி உள்ளே வந்து சுவடிக் கட்டை அவர் முன்னால் வைத்தாள். “கிடைச்சிடுச்சு சார். சரியா இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

பஞ்சநதத்தின் வழக்கம் ஊருக்கே தெரியும். எந்தச் சுவடியை எடுத்தாலும் முதல் ஏட்டைக் கண்ணில் ஒற்றி, காப்புச் செய்யுளைப் படித்துவிட்டுத்தான் மேலே போவார். இன்று கட்டை அவிழ்த்ததும் அப்படியே குப்புறத் திருப்பினார். கடைசி ஏட்டைத் தடவினார். அதற்கு முந்தியதையும் புரட்டினார். அவர் முகத்தில் விபூதிக்குக் கீழே வேர்த்தது.

“இதுல பாதி ஏடு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?” என்றார்.

யூனுஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாதி ஏடா? அப்படி ஒண்ணு இருக்குதுன்னு எங்க யாருக்கும் தெரியாதே பஞ்சநதம். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கிளாட்சன் தன் ஃபைலைத் திறந்து அந்தப் பாதி ஏட்டை எடுத்து மேஜையில் வைத்தான். “இந்தாங்க சார். இன்னொரு பாதி உங்ககிட்ட இருந்தா ஜோடி சேத்துடலாம்.”

அறிவுமதி முன்னால் வந்தாள். கட்டை எடுத்துப் போனது தான்தான் என்று சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். நேற்று பேசாமல் நின்றதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. பிறகு கத்தி வெட்டை எல்லோருக்கும் காட்டினாள்.

பஞ்சநதம் மறுக்கப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சரிந்தார்.

“வீட்டுல இருக்கு. பூஜை அறையில. சரஸ்வதி படத்துக்குப் பின்னால.”

“கொளுத்திடலையா?” என்று கிளாட்சனே ஆச்சரியப்பட்டான்.

“ஏட்டைக் கொளுத்தினா வம்சம் விளங்குமாப்பா? வெட்டினதே பாவம். தினம் பூ போட்டுக் கும்பிடறேன். கும்பிடக் கும்பிட அந்த எழுத்து பெரிசாயிண்டே போறது.” அவர் யாரையும் பார்க்கவில்லை. “‘பண்ணையாள் மூக்கன். ஏட்டில் எழுதியவன் வைத்தியநாதன்.’ அவ்வளவுதான் இருக்கு அதுல. பாட்டனார் பொய் சொல்லலை. பாடினவன் பேரை முன்னால போட்டு, தன் பேரைப் பின்னால போட்டுண்டார். எனக்குத்தான் தாங்கலை. மண்டபம் பிடிச்சுட்டேன். ஊரெல்லாம் சொல்லிட்டேன்.”

“குழந்தைராஜ உள்ள தள்ளிட்டா காணாம போன பாதியும் அவரு கணக்குல போயிடும்,” என்றாள் எழில்மொழி. பஞ்சநதம் தலையசைத்தார். யூனுஸ் புகார் மனுவை வாங்கி, நாலாகக் கிழித்தார். அறிவுமதி விஷயத்தைக் கூட்டம் தனியாகப் பேசி முடிவெடுக்கும் என்றார். அவள் சரியென்று கைகட்டி நின்றாள்.

எழில்மொழி அந்த முடிவுக்குக் காத்திருக்கவில்லை.

*

பூக்காரத் தெருவில் கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. குழந்தைராஜ் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவர் மனைவி செபஸ்தியம்மாள். வந்தவளை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டார்.

குழந்தைராஜ் லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு எழுந்தார். எழில்மொழி நின்றபடியே சொன்னாள், ஒன்று விடாமல். நாற்றுக்கட்டு, டிரம், கத்தி வெட்டு, பூஜை அறை. புகாரைக் கிழித்தாகிவிட்டது, நாளைக்கே வேலைக்கு வரச் சொல்கிறார்கள் என்றாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். “உடைச்சது நான் இல்லையா?”

“இல்லண்ணே. நீங்க தொடுறதுக்கு முன்னாடியே அது பாதிதான்.”

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் ஏறிப் பழுத்த கைகள். “மாதாவே,” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. “ஒரு வாரமா இந்தக் கையால சோறு எடுத்துத் தின்ன முடியல.”

“நான் உங்களுக்குச் செஞ்சது தப்புண்ணே. பெரிய தப்பு. எல்லார் முன்னாலயும் சொன்னேன். எல்லார் முன்னாலயும் வந்து மன்னிப்புக் கேக்குறேன்.”

குழந்தைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் இருந்ததாகவே தெரியவில்லை. புரியாத ஒன்றைக் கேட்பவர் மாதிரிதான் கேட்டார்.

“நேத்து அவ்வளவு நேரம் பேசுனீங்க மேடம். எண்ணெய் சொன்னீங்க, சாவி சொன்னீங்க, ஓலை சொன்னீங்க. நானும் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், இப்ப கேப்பாங்க, இப்ப கேப்பாங்கன்னு. ‘நீ எடுத்தியா’ன்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே?”

“கேட்டிருந்தா என்னண்ணே சொல்லியிருப்பீங்க?”

“நடந்தத நடந்தபடி சொல்லியிருப்பேன். உடைச்சிட்டேன், எடுக்கலன்னு. பொய் சொல்ல எனக்கு வராது. நானா வாயத் தெறந்தா அந்தப் பொண்ணு மாட்டிக்கும், அதான் சும்மா இருந்தேன். கேட்டுட்டா சொல்லித்தானே ஆவணும்? ஏன் மேடம் கேக்கல?”

எழில்மொழி யோசித்தாள். கேட்கத் தோன்றவில்லை. செயலாளரைக் கேட்டாள், தலைமை நூலகரைக் கேட்டாள், வெளியூர் அறிஞரைக்கூட போனில் பிடித்துக் கேட்டாள். எண்ணெய்க் கையோடு மூலையில் நின்றவரை மட்டும் அவள் மோந்துதான் பார்த்தாள்.

“தோணலண்ணே,” என்றாள். வேறு எது சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

செபஸ்தியம்மாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

“எங்களப் பாத்தா யாருக்குத்தாங்க கேக்கத் தோணுது?”

நன்னிலத்து வரப்பில் அம்மாவை நிறுத்தி வைத்து ஒரு குறுணி நெல்லுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியபோது எழில்மொழிக்கு ஒன்பது வயது. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. ராத்திரி அம்மா அழுதுகொண்டே சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். அதை இந்த வீட்டில் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.